லென்ஸ் வந்தது... கைபாகமும் வந்தது!

உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. டாக்டர் பார்த்தாயிற்று, தேதியும் குறித்தாயிற்று. அடுத்து உங்களைத் தனியாக ஒரு அறைக்குக் கூப்பிட்டு, லேமினேட் பண்ணின ஒரு அட்டையை நீட்டுகிறார்கள். ஒரு பக்கம் 'இந்தியன் லென்ஸ்', அதற்கு ஒரு ரேட். மறுபக்கம் 'இம்போர்ட்டட் லென்ஸ்', அதற்கு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ரேட். "அப்பாவுக்கு எது வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க சார்" என்கிறார்கள். பெற்ற அப்பாவுக்குப் போய் மலிவானதை வைப்பதா? மனசு கேட்பதில்லை. வெளிநாட்டு லென்ஸுக்கே தலையாட்டிவிட்டு, வெளியே வந்து பணத்துக்கு யார் யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கிறீர்கள்.

'லென்ஸ் விவகாரத்தில் சித்த வைத்தியருக்கு என்ன வேலை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். "தைலம் ஏதாவது விடுங்க டாக்டர், மருந்துலயே கரைச்சிடலாம் இல்லையா?" என்று பழுத்த புரையோடு என்னிடம் வருகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களை நான் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புகிறேன். முற்றிய புரையைக் கரைக்கிற கஷாயம் எங்களிடம் கிடையாது. இருக்கிறது என்று சொல்கிறவரிடம் தயவுசெய்து கண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி நான் அனுப்பி வைத்தவர்கள் திரும்பி வந்து சொல்கிற கதைதான் மேலே சொன்ன அட்டைக் கதை.

அந்த அட்டையில் இருக்கிற 'இந்தியன்', 'இம்போர்ட்டட்' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. வளர்ந்த நாடுகளின் தொழில்நுட்பம் நம்மைப் போன்ற நாடுகளுக்கு வந்து சேர்வது எப்படி? 'சர்வதேச ஒத்துழைப்பு' என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோமே, அதில் எது உருப்படியானது, எது வெறும் போட்டோவுக்குக் கை குலுக்குவது? இதையெல்லாம் மந்திரிகளும் அதிகாரிகளும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. அது கடைசியில் உங்கள் அப்பாவின் கண்ணுக்குள் வந்து உட்காருகிறது!

சோடாபுட்டிக் காலம்

நாற்பது, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டிகளை நினைத்துப் பாருங்கள். கண் ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டிகள் எல்லோரும் ஒரே மாதிரிக் கண்ணாடி போட்டிருப்பார்கள். சோடாபுட்டியின் அடிப்பாகம் மாதிரித் தடிமன். அதற்குள்ளிருந்து பார்க்கிற கண் அகலமாய், உருண்டையாய்த் தெரியும். பேரன் பேத்திகள் சிரிப்பார்கள்.

காரணம் இதுதான். கண்ணுக்குள் இயற்கையாக இருக்கிற லென்ஸ் வெளுத்துப் போவதுதான் புரை. அந்தக் கால ஆபரேஷனில் அதை எடுத்துவிடுவார்கள், ஆனால் பதிலுக்கு உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். உள்ளே இல்லாமல் போன லென்ஸுக்கு ஈடாக வெளியே பிளஸ் 10 அளவில் ஒரு கண்ணாடி. அதில் பார்த்தால் எல்லாப் பொருளும் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். நேர் எதிரே இருப்பது தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. டம்ளரில் ஊற்றுகிற தண்ணீர் தரையில் போகும். படி இறங்கினால் கால் தடுமாறும். அதைவிடக் கொடுமை, கண்ணாடி ஒரு நாள் கீழே விழுந்து உடைந்தால் பாட்டி மறுபடியும் பார்வை இல்லாதவர்தான். அடுத்த கண்ணாடிக்கு டவுனுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது? கூட்டிப் போக ஆளில்லாமல் திண்ணையிலேயே முடங்கிய பாட்டிகள் எத்தனையோ பேர்!

இத்தனைக்கும், கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கலாம் என்பது 1949-லேயே தெரிந்துவிட்டது. அந்த வருஷம் நவம்பர் 29-ம் தேதி லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் முதல் லென்ஸை வைத்தார். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள், விமானத்து மூடியின் பிளாஸ்டிக் சில்லு தைத்துக் கிடந்தது. அப்படியிருந்தும் கண் பழுக்காமல், சீழ் வைக்காமல் அதைப் பொறுத்துக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். அதே வகை பிளாஸ்டிக்கில்தான் லென்ஸ் செய்தார். சக டாக்டர்கள் அவரை லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1980-களில்தான் மேலை நாடுகளில் இது சாதாரணமாயிற்று.

சரி, அப்போது நம் பாட்டிகளுக்கு ஏன் வரவில்லை? விலை! ஒரு லென்ஸ் சுமார் 100 டாலர். 1992-ம் வருஷக் கணக்கில் ரூ.2,500-க்கு மேல். அதுவும் லென்ஸுக்கு மட்டும். ஆபரேஷன் செலவு தனி. 'ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸ் எல்லாம் எதற்கு, கண்ணாடியே போதும்' என்பதுதான் அன்று உலக அளவில் கண் நலத் திட்டம் போட்டவர்களில் பலருடைய அபிப்பிராயம். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கான பேர் பார்வை இல்லாமல் காத்திருக்கும்போது, இருக்கிற பணத்தில் அதிகம் பேருக்குச் செய்வோம் என்ற கணக்கு அது. ஆனாலும், லண்டன் பாட்டிக்கு ஒரு பார்வை, உசிலம்பட்டிப் பாட்டிக்கு ஒரு பார்வை என்று யோசித்தால் சுருக்கென்கிறது, இல்லையா?

மதுரையில் நடந்தது

டாக்டர் ஜி. வெங்கடசாமியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 58-வது வயசில், 1976-ல், 11 படுக்கையோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தவர். சரவாங்கி என்று நாம் சொல்கிறோமே, அந்த மூட்டு நோயால் கை விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களோடு லட்சத்துக்கும் மேலான ஆபரேஷன் செய்தார். 2006-ல் காலமானார்.

அவருக்குத் துணையாக அமெரிக்காவிலிருந்து சேவா ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு வந்தது. பெரியம்மை ஒழிப்பில் இந்தியாவில் வேலை பார்த்தவர்களும் சேர்ந்து 1978-ல் தொடங்கிய அமைப்பு. முதலில் அவர்கள் செய்தது நாம் எல்லோரும் எதிர்பார்க்கிற உதவிதான். அமெரிக்கக் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கித் தானமாக லென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொண்டுவந்தது எத்தனை பேருக்குக் காணும்? வரிசையில் நிற்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். வருவது பெட்டிக் கணக்கில். தானமாக வருவதில் உங்களுக்கு வேண்டிய பவர், வேண்டிய எண்ணிக்கையில் இருந்தாக வேண்டும் என்று சட்டமா என்ன?

அடுத்துச் செய்த காரியத்தைத்தான் நான் பெரிசாகச் சொல்ல வருகிறேன். 'லென்ஸை ஏன் கேட்க வேண்டும்? செய்கிற வித்தையையே கேட்டால் என்ன?' என்று யோசித்தார்கள். சேவாவைச் சேர்ந்த டேவிட் கிரீன் இதில் முன்னின்றார். பெரிய பெயர் எடுத்த கம்பெனி ஒன்றிடமிருந்து வரவில்லை அந்த வித்தை. அமெரிக்காவில் லென்ஸ் செய்துகொண்டிருந்த சின்ன நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார்கள். இயந்திரம் வந்தது. கூடவே பயிற்சியும் வந்தது. 1992-ல் மதுரையில் 'அரோலேப்' தொடங்கியது. சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண் பிள்ளைகளை எடுத்துப் பழக்கினார்கள். தூசு புகாத அறை, தலை முதல் கால் வரை மூடிய உடை, முன்னால் ஒரு மைக்ரோஸ்கோப்.

அந்த லென்ஸ் எவ்வளவு பெரிசு என்கிறீர்கள்? நடுவில் இருக்கிற வட்டம் 6 மில்லிமீட்டர்தான். ஒரு பட்டாணி அகலம். அதிலிருந்து தலைமுடி மாதிரி இரண்டு வளைந்த கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குள் நகராமல் பிடித்துக்கொள்ள. பிளாஸ்டிக் துண்டைக் கடைசல் பிடித்து, பிறகு நாள் கணக்கில் உருட்டி உருட்டி மெருகு ஏற்றி, ஒன்று விடாமல் பரிசோதித்து, கிருமி நீக்கி உறையில் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் ஒதுக்க வேண்டியதுதான்.

கைபாகம் என்றால் என்ன?

இங்கேதான் ஒரு சித்த வைத்தியனாக எனக்குப் பேச இடமிருக்கிறது. பாளையங்கோட்டையில் நாங்கள் படித்தபோது குணபாடப் புத்தகத்தில் அயச்செந்தூரம் செய்யும் முறை அரைப் பக்கத்தில் இருக்கும். அயத்தைச் சுத்தி செய், சாறு விட்டு அரை, வில்லை தட்டு, காய வை, அகலில் வைத்துச் சீலைமண் செய், புடமிடு. அவ்வளவுதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கிவிடலாம். செந்தூரம் வராது! எவ்வளவு நேரம் அரைத்தால் கல்வத்தின் சத்தம் மாறும், வில்லை உள்வரை காய்ந்திருக்கிறதா என்பதைத் தொட்டு எப்படிக் கண்டுபிடிப்பது, இன்றைக்குக் காற்று ஈரமாக இருக்கிறதே, வறட்டியைக் கூட்டுவதா குறைப்பதா... இதெல்லாம் ஆசான் பக்கத்தில் நின்று, கையைச் சுட்டுக்கொண்டு படிக்க வேண்டியவை. எடுத்த செந்தூரத்தைத் தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும். விரலில் தேய்த்தால் ரேகைக்குள் பதிய வேண்டும். பதியவில்லையா? மறுபடி அரை, மறுபடி புடம் போடு. இதற்குத்தான் எங்கள் பெரியவர்கள் கைபாகம், செய்பாகம் என்று பெயர் வைத்தார்கள்.

தொழில்நுட்பப் பரிமாற்றம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, என் அகராதியில் அது கைபாகம் கைமாறுவது. மெஷினை இறக்குவது பரிமாற்றம் ஆகாது. பேடன்ட் காகிதத்தைக் கொடுப்பதும் ஆகாது. சொல்லிக் கொடுத்தவர் விமானம் ஏறிப் போன பிறகு, மெஷின் மக்கர் செய்கிற ஒரு திங்கட்கிழமையில், இங்கே இருக்கிற பெண் அதைச் சரி செய்து மறுபடி ஓட்டுகிறாளா? அங்கேதான் தெரியும் வந்ததா, வரவில்லையா என்று.

எதிர் உதாரணம் வேண்டுமா? ஏதாவது பெரிய ஆஸ்பத்திரியில் மூலையில் துணி போட்டு மூடிய ஒரு கருவியைப் பாருங்கள். நன்கொடையாக வந்திருக்கும். திறப்பு விழாக் கல்வெட்டுகூட இருக்கும். ஒரு பாகம் போய்விட்டது, அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பழுது பார்க்கிற இன்ஜினீயர் எங்கிருந்தோ வர வேண்டும். பல வருஷமாக அப்படியே நிற்கிறது. நான் பார்த்த ஒன்றின் மேல் ஊழியர்கள் சாப்பாட்டுக் கூடை வைத்திருந்தார்கள்!

மதுரையில் கைபாகம் வந்து சேர்ந்தது என்று எப்படிச் சொல்கிறேன்? விலையைப் பாருங்கள். 100 டாலர் லென்ஸ் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் இறங்கி, சாதாரண வகை சில டாலர்களுக்குள் வந்துவிட்டது. ஐரோப்பாவின் சி.இ. தரச் சான்று வாங்கினார்கள். லென்ஸோடு நிற்காமல் கண்ணில் தையல் போடுகிற நூல், கண் மருந்துகள் என்று கற்றுக்கொண்டே போனார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காததையும் தாங்களே கண்டுபிடித்துச் செய்ய ஆரம்பித்தார்கள் பாருங்கள், அதுதான் கைபாகம் ஊறிவிட்டதற்கு அடையாளம். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையிலிருந்து லென்ஸ் போகிறது. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உள்பட 7 மாநிலங்களில் கண்புரைத் திட்டம் நடந்தபோது, சோடாபுட்டியை விட்டு லென்ஸுக்கு மாறியதும் சாத்தியமாயிற்று. உள்நாட்டு விலை கட்டுப்படியாகாமல் இருந்திருந்தால் அந்த மாற்றம் எங்கே நடந்திருக்கும்?

மதுரை மட்டும் இல்லை. ஃப்ரெட் ஹாலோஸ் என்ற ஆஸ்திரேலியக் கண் டாக்டர், நேபாளத்திலும் ஆப்பிரிக்காவின் எரித்ரியாவிலும் அங்கேயே லென்ஸ் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 1993-ல் அவர் இறந்துபோனார். அவர் பெயரில் இருக்கும் அமைப்பு அடுத்த ஓரிரு வருஷத்திலேயே காத்மாண்டுவிலும் அஸ்மாராவிலும் லென்ஸ் கூடங்களைத் திறந்தது. அப்போதுதான் விடுதலை வாங்கிய, போரில் அடிபட்டுக் கிடந்த எரித்ரியாவில், கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ்! நினைத்துப் பார்க்கவே தெம்பாக இருக்கிறது.

அந்த அட்டையை இனி எப்படிப் பார்ப்பது?

இறக்குமதி லென்ஸ் மோசம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்லவை இருக்கின்றன. நான் சொல்வது, எந்த ஊர் என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள் என்பதுதான். சில இடத்து அட்டையில் மடக்க முடியாத இந்திய லென்ஸையும், மடித்து வைக்கிற இறக்குமதி லென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ரேட் வித்தியாசத்தில் பாதி, லென்ஸ் வகையின் வித்தியாசம். ஊர் வித்தியாசம் இல்லை. மடிக்கிற லென்ஸ் என்றால் சின்னத் துளையில் வேலை முடியும். அந்த வகை நம் நாட்டிலும் தயாராகிறது. ஆகவே, "மடிக்கிறதா, மடிக்காததா? தூரத்துக்கு மட்டுமா, கிட்டப் பார்வைக்கும் சேர்த்தா? அதே வகையில் இந்தியத் தயாரிப்பு உங்ககிட்ட இருக்கா?" என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணின் நீளத்தை அளந்து லென்ஸ் பவரைக் கணக்குப் போடுவார்கள். அந்த அளவு சரியாக இருப்பதும், விழித்திரை நன்றாக இருப்பதும்தான் பார்வையைத் தீர்மானிக்கிற பெரிய விஷயங்கள். சர்க்கரை உள்ளவர்கள் விழித்திரையைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸ் பெட்டியில் இருக்கிற ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். என்ன வகை, என்ன பவர், என்ன நம்பர் எல்லாம் அதில் இருக்கும்.

ஐம்பது காசு... அதாவது, அரை டாலர்!

லென்ஸில் நடந்தது ஏதோ ஒரு தடவை நடந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதற்கு இன்னொரு கதை. இது ஆப்பிரிக்காவுக்காகப் புனேயில் நடந்தது.

செனகலிலிருந்து எத்தியோப்பியா வரைக்கும் ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு பட்டை நிலத்தில் மெனிஞ்சைடிஸ் என்கிற மூளை உறைக் காய்ச்சல் அலை அலையாக வரும். 1996, 97-ல் வந்த அலையில் இரண்டரை லட்சம் பேருக்கு நோய். 25,000 பேர் சாவு. பிழைத்தவர்களில் பலருக்குக் காது போயிற்று. அங்கே பரவிய 'ஏ' வகைக் கிருமிக்கு நீடித்த பலன் தருகிற தடுப்பூசி இல்லை. செய்யத் தெரியாமலா? தெரியும். வாங்குகிறவர்கள் ஏழைகள் என்பதால் பெரிய கம்பெனிகளுக்கு ஆர்வம் இல்லை. ஆப்பிரிக்க சுகாதார அதிகாரிகள் ஒரே வார்த்தையில் சொன்னார்கள்: ஒரு ஊசி அரை டாலருக்கு மேல் போனால் எங்களால் வாங்க முடியாது.

2001-ல் உலக சுகாதார நிறுவனமும் 'பாத்' என்ற அமைப்பும் சேர்ந்து, கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்த 7 கோடி டாலரில் ஒரு திட்டம் தொடங்கின. வழக்கமாக 'இந்த மருந்தைச் செய்யுங்கள், என்ன விலை சொல்கிறீர்கள்?' என்று கம்பெனிகளிடம் கேட்பார்கள். இவர்கள் தலைகீழாக விலையை முதலில் எழுதிக்கொண்டு ஆளைத் தேடினார்கள். மூலப்பொருள் முதலில் நெதர்லாந்திலிருந்து வந்தது. அதைப் புரதத்தோடு இணைக்கிற நுட்பத்தை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விஞ்ஞானிகள் கொடுத்தார்கள். புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் ஆட்கள் அங்கே போய், ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் கைபாகம்!

2010 டிசம்பர் 6-ம் தேதி பர்கினா ஃபாசோவில் முதல் பெரிய முகாம். விலை அரை டாலருக்கும் கீழே. அதற்குப் பிறகு 30 கோடிக்கும் மேலானவர்களுக்குப் போட்டாயிற்று. 2017-க்குப் பிறகு அந்தப் பகுதியில் 'ஏ' வகை நோய் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. கற்றுக்கொண்ட கை சும்மா இருக்குமா? ஐந்து வகைக் கிருமிக்கும் சேர்த்து அதே புனேயில் புதிய தடுப்பூசி செய்தார்கள். 2024-ல் நைஜீரியாவில் அதைப் போட ஆரம்பித்தார்கள்.

கொடுக்க மனமில்லாதபோது

எல்லாமே இப்படி இனிப்பாக முடிவதில்லை. கொரோனா காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் 'பெருந்தொற்று முடியும் வரைக்கும் காப்புரிமைகளைத் தளர்த்துங்கள்' என்று கேட்டன. பேசிப் பேசி 2022 ஜூனில் வந்த தீர்மானம் கேட்டதில் கால்வாசிகூட இல்லை என்பது என் எண்ணம். அந்த 2020 அக்டோபரிலேயே அமெரிக்காவின் மாடர்னா கம்பெனி, பெருந்தொற்று முடியும் வரை எங்கள் கொரோனா பேடன்ட்டுகளை வைத்து யார் மேலும் வழக்குப் போட மாட்டோம் என்று அறிவித்தது. கேட்கப் பெருந்தன்மையாக இருக்கிறது. ஆனால், செய்முறையைச் சொல்லித்தர ஆள் அனுப்பவில்லை! அரைப் பக்கப் பாடத்தைக் கொடுத்துவிட்டு, கல்வத்துப் பக்கம் வராதே என்று சொன்ன கதைதான்.

2021 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஒரு பயிற்சி மையத்தை அறிவித்தது. அஃப்ரிஜென் என்ற சின்ன நிறுவனம், வெளிவந்திருந்த தகவல்களை வைத்துக்கொண்டு, 2022 தொடக்கத்தில் ஆய்வுக்கூட அளவில் அந்த வகைத் தடுப்பூசியைச் செய்தே காட்டிவிட்டது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால், தெரிந்தவர் பக்கத்தில் நின்றிருந்தால் மிச்சமாகியிருக்கக்கூடிய மாதங்களின் கணக்கை யாரிடம் போய்க் கேட்பது? கற்றதை அவர்கள் மற்ற வளரும் நாட்டு நிறுவனங்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். நம் ஹைதராபாத் நிறுவனம் ஒன்றும் அதில் உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ல் வந்த உலக வர்த்தக அமைப்பின் காப்புரிமை ஒப்பந்தத்திலேயே, மிகப் பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்பம் போய்ச் சேரும்படி பணக்கார நாடுகள் தங்கள் கம்பெனிகளுக்கு ஊக்கம் தர வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. முப்பது வருஷமாகக் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது.

நம்மிடம் கேட்டு வருகிறவர்கள்

இதுவரை நாம் வாங்குகிற கதையைச் சொன்னேன். கொடுக்கிற கதையும் உண்டு. அதில் என் தொழிலும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

1995-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு பேடன்ட் கிடைத்தது. மஞ்சளுக்கு! நம் சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களை எடுத்துக் காட்டி வாதாடி, 1997-ல் அது ரத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களின் மருந்து முறைகளையெல்லாம் தொகுத்து, பேடன்ட் அலுவலகங்கள் சரிபார்க்கும்படி ஒரு கணினி நூலகம் உருவானது. 2024 மே மாதத்தில் உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு புதிய உடன்படிக்கையும் வந்திருக்கிறது. ஒரு செடியையோ, அதைப் பற்றிய பரம்பரை அறிவையோ வைத்து பேடன்ட் கேட்டால், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லியாக வேண்டும். 15 நாடுகள் முறைப்படி ஏற்றால்தான் அது அமலுக்கு வரும்.

இதெல்லாம் திருட்டைத் தடுக்கும். சரி. திருடன் வராத வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? என் கவலை அங்கேதான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழுவின் சார்பில் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பெயர் வேண்டாம். மரியாதையானவர்கள். காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, வெட்பாலைத் தைலம் தவிர நான் என்னென்ன உள்ளுக்குக் கொடுக்கிறேன் என்று கேட்டார்கள். "கூட்டு ஆராய்ச்சி செய்யலாம் டாக்டர்" என்றார்கள். "தாராளமா செய்யலாம். பரிசோதனை எங்கே நடக்கும்?" என்றேன். அவர்கள் ஊரில் என்றார்கள். "கருவி இங்கே வருமா? என் மாணவன் ஒருவனை ஆறு மாசம் உங்க ஆய்வுக்கூடத்துல பக்கத்துல நிறுத்திக்குவீங்களா?" என்று கேட்டேன். கலந்து பேசிவிட்டு எழுதுவதாகச் சொல்லி, வெட்பாலை இலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு சரி.

ஏன் கருவியில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். 2004-ல் வெளியான ஒரு ஆய்வுக்காக, அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள். 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் இதைச் சதி என்றார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. எங்கள் செந்தூரத்திலும் பற்பத்திலும் உலோகம் இருக்கிறது. முறையாகச் சுத்தி செய்து முடித்ததா, அரைகுறையா என்பதைக் கண்ணால் பார்த்து உங்களால் சொல்ல முடியாது. தண்ணீரில் மிதந்தது, ரேகையில் பதிந்தது என்று சொன்னால் எனக்குப் போதும். உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கிற மருந்துக்கு அது போதுமா? ஒவ்வொரு தொகுதி மருந்திலும் என்ன உலோகம், எந்த உருவில், எவ்வளவு என்று அளந்து லேபிளில் போட வேண்டும். அளக்கிற கருவிகள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. ஒரு சின்ன மருந்துச் சாலைக்கு எட்டுகிற தூரத்திலும் செலவிலும் இல்லை. சித்த மருந்தையும் தெரிந்து, கருவியையும் தெரிந்த கைகள் மிகக் குறைவு.

2022-ல் குஜராத்தின் ஜாம்நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் பாரம்பரிய மருத்துவ மையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இந்தியா அதற்கு 25 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்ல காரியம். அங்கே மாநாடு நடக்கும், அறிக்கை வரும், பல நாட்டுக்காரர்கள் வந்து யோகாசனம் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் கேட்பது அவ்வளவு பெரிசு இல்லை. அந்தப் பணத்தில் ஒரு துளியை எடுத்து, பாளையங்கோட்டையில் ஒரு சோதனைக்கூடம் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து கருவி மட்டும் வர வேண்டாம், அதை ஓட்டத் தெரிந்தவரும் இரண்டு வருஷம் வந்து தங்கட்டும். பக்கத்தில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் நிற்கட்டும். அவர்கள் அவருக்குப் புடம் போடச் சொல்லித் தரட்டும். அவர் இவர்களுக்கு அளக்கச் சொல்லித் தரட்டும். சுற்று வட்டார மருந்துச் சாலைக்காரர்கள் செந்தூரத்தைக் கொண்டுவந்து கொடுத்து, நியாயமான கட்டணத்தில், ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு போகட்டும். மருந்து வாங்கும்போது அந்த ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லி நீங்களும் என்னிடம் கேளுங்கள்.